மலையை நகர்த்தியவரும் கைபேசியைப் பறக்கவிட்டவரும்

சிவனொளிபாத மலையை ஒருவர் 800 கிலோமீற்றர் தெற்கே தள்ளிவைத்தார். மலையை மட்டுமல்ல, இலங்கைத் தீவையே தூக்கி நிலநடுக்கோட்டின் மேல் நிறுத்தினார். அதுவும் போதாமல் மலையின் உயரத்தை இரண்டு மடங்காக்கினார். ஆர்தர் சி. கிளார்க் 1979-இல் வெளியிட்ட, சொர்க்கத்தின் நீரூற்றுகளைத் தலைப்பில் கொண்ட ஆங்கில நாவலில்தான் இது நடக்கிறது. இதை அவர் ஒளித்துச் செய்யவில்லை. தான் தப்ரபேன் என்று பெயரிட்ட நாடு இலங்கையோடு பத்துக்கு ஒன்பது பங்குதான் ஒத்துப்போகும், மிச்சத்தைக் கதைக்காக மாற்றியிருக்கிறேன் என்று அந்த நூலிலேயே வாசகரிடம் சொல்லிவிடுகிறார்.

இரத்தினபுரியிலிருந்து பலாபத்தலை வழியாக மலை ஏறியவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். 2,243 மீற்றர் உயரத்துக்கு ஏறவே முழங்கால் கழன்றுபோகிறது, இதில் இரண்டு மடங்கா? ஆனால் கிளார்க்கின் கணக்கில் காரணம் இருந்தது. அந்த நாவலின் நாயகன் ஒரு பொறியியலாளன். விண்வெளிக்கு லிப்ட் கட்ட நினைக்கிறான். வானத்தில் ஒரு செயற்கைக்கோளை நிறுத்தி, அதிலிருந்து கீழே கம்பியை இறக்கி, கம்பி வழியே பெட்டியை ஏற்றுவது அவன் திட்டம். கம்பி தொங்கும் இடம் பூமியோடு சேர்ந்தே சுற்ற வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே 35,786 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் கோள்தான் தரையிலிருந்து பார்க்க அசையாமல் நிற்கும். சிவனொளிபாத மலையோ வடக்கே ஏறக்குறைய 6.8 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு 111 கிலோமீற்றர் என்று பெருக்கினால் 755 வருகிறது. 800 கிலோமீற்றர் நகர்த்தியது கற்பனை, ஆனால் எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பது கற்பனை அல்ல.

இந்த 35,786 கிலோமீற்றர் நமக்கு அன்னியமான எண்ணும் அல்ல. அந்தச் சுற்றுப்பாதையில் மூன்று நிலையங்களை வைத்தால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்று 1945-இல் ஒரு வானொலி சஞ்சிகையில் எழுதியவரும் இதே கிளார்க்தான். யட்டியாந்தோட்டையிலோ இறக்குவானையிலோ தோட்டத்து லயங்களைப் பாருங்கள். தகரக் கூரைக்கு ஒன்றாக டிஷ் அன்டெனா வானத்தைப் பார்த்து மல்லாந்திருக்கும். இலண்டனில் அதே அன்டெனா கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்கும். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் கோள் நமக்கு உச்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். சென்னையில் எடுத்த படங்கள் நம் லயத்துக்கு வந்துசேர்வது பெரும்பாலும் அந்த வழியாகத்தான்.

அப்படி வந்துசேர்ந்த ஒரு படத்தைப் பற்றித்தான் இந்த அத்தியாயம். 2010 அக்டோபர் 1-இல் வெளியான 'எந்திரன்' படத்துக்கு 2018 நவம்பர் 29-இல் வந்த இரண்டாம் பாகம், '2.0'. இரண்டையும் இயக்கியவர் ஷங்கர். பட்டிதொட்டியெல்லாம் பார்த்த படம் என்பதால் கதையை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஊரில் உள்ள கைபேசிகள் எல்லாம் உரிமையாளரின் கையை விட்டுப் பறந்துபோகின்றன. பிறகு அவை ஒன்றுசேர்ந்து இராட்சதப் பறவையாகித் தாக்குகின்றன. பின்னணியில் இருப்பது பட்சிராஜன் என்ற பறவையியலாளரின் ஆவி. கைபேசிக் கோபுரங்களின் கதிர்வீச்சால் பறவைகள் சாவதைக் கண்டு மனம் உடைந்து, கோபுரத்திலேயே தூக்கிட்டுக்கொண்டவர். அவரை அடக்க விஞ்ஞானி வசீகரன் தன் பழைய எந்திர மனிதன் சிட்டியை மறுபடி பூட்டுகிறார்.

விஞ்ஞானக் கதையில் பொய் இருக்கிறது என்று குறை சொல்வது, கூத்தில் அரிதாரம் இருக்கிறது என்று குறை சொல்வது மாதிரி. என் கட்சி வேறு. முதல் பாகத்தில் சொன்ன பொய்க்கு இரண்டாம் பாகம் கட்டுப்பட வேண்டும். எந்தப் பொய் கதைக்காக, எந்தச் செய்தி நாம் வீட்டுக்கு எடுத்துப்போவதற்காக என்பதும் பார்ப்பவருக்குப் பிரித்தறியக் கூடியதாக இருக்க வேண்டும். கிளார்க் மலையை நகர்த்தியது அவர் நூலிலேயே எழுதியிருக்கிறது. '2.0' எங்கே எதை நகர்த்தியது என்பதைப் படத்துக்குள் நாமே தேட வேண்டியிருக்கிறது.

முதலில் 'எந்திரன்'. அதிலும் ஓட்டை உண்டு. சிட்டி தன்னை அறிமுகப்படுத்தும்போது தன் வேகம் ஒரு டெராஹெர்ட்ஸ் என்கிறது. அதாவது நொடிக்கு இலட்சம் கோடித் துடிப்பு. ஒரு துடிப்பு நேரத்தில் ஒளியே 0.3 மில்லிமீற்றர்தான் போகும். சிட்டியின் தலை 20 சென்றிமீற்றர் என்றால், ஒரு காதிலிருந்து மற்றக் காதுக்குச் செய்தி போவதற்குள் கடிகாரம் அறுநூறு தடவைக்கு மேல் துடித்துவிடும். மூளையின் ஒரு ஓரத்துக்கு மற்ற ஓரம் எப்போதும் பழைய செய்திதான். கெட்டிக்காரப் பொறியியலாளர் இதைச் சமாளிக்கலாம், வேலையை ஆயிரம் சிறு மூளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். எனவே அந்த எண்ணை மன்னித்துவிடுகிறேன். படத்தின் பெரிய பொய் ஒன்றே ஒன்று: எந்திரத்துக்கு உணர்ச்சி வருகிறது. மற்றதெல்லாம் அதிலிருந்தே கிளைக்கிறது. பொறாமை, காதல், களவு, நூற்றுக்கணக்கில் பெருகும் சிட்டிகள், எல்லாமே. அந்தச் சிட்டிகள் பாம்பாகவும் உருண்டையாகவும் ஒட்டிக்கொள்ளும் கூத்திலும் ஒவ்வொன்றுக்கும் மோட்டார் இருக்கிறது, பற்றரி இருக்கிறது. பற்றரி தீர்ந்தால் படுத்துவிடும் என்ற பயமும் கதைக்குள்ளேயே இருக்கிறது.

முதல் பாகத்துக்கு வசனம் எழுதியவர்களில் சுஜாதாவும் ஒருவர், பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியியலாளராக வேலை பார்த்தவர். படம் வெளிவருமுன் 2008-இல் காலமாகிவிட்டார். இரண்டாம் பாகத்துக்கு எழுதியவர் ஜெயமோகன். 'சுஜாதா இல்லாததால் விஞ்ஞானம் போய்விட்டது' என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அது சோம்பேறித்தனமான தீர்ப்பாகப் படுகிறது. ஓட்டை வசனத்தில் இல்லை, கதையின் அடித்தளத்தில் இருக்கிறது.

காலக் கணக்கிலேயே இடிக்கிறது. 'எந்திரன்' முடியும்போது ஆண்டு 2030. கழற்றிப்போட்ட சிட்டி அருங்காட்சியகத்தில் கிடக்கிறது, பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்க்கிறார்கள். '2.0' கதை அதற்கு முன்னால் நடக்கிறதா, பின்னால் நடக்கிறதா? முன்னால் என்றால், ஊரையே காப்பாற்றி வேலைக்குத் திரும்பிய சிட்டியை மறுபடியும் யார், எதற்குக் கழற்றினார்கள்? பின்னால் என்றால், 2030-ஐத் தாண்டியும் ஊர் மக்கள் கையில் 2018-இன் கைபேசிகளே இருக்கின்றன. இது சின்ன விஷயம்தான். ஆனால் தோட்டத்துக் கடைக் கணக்குப் புத்தகம் மாதிரி, முந்திய பக்கத்தில் எழுதியதை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுவராமல் புதுக் கணக்கு தொடங்க முடியாது.

இனிப் பறக்கும் கைபேசிக்கு வருவோம். எடை 180 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பற்றரியில் ஏறக்குறைய 40,000 ஜூல் ஆற்றல் இருக்கும். அதை 100 மீற்றர் உயரத்துக்குத் தூக்க 180 ஜூல்கூட வேண்டாம். ஆகவே ஆற்றல் போதாது என்ற குற்றச்சாட்டு நிற்காது, வேண்டியதைப் போல இருநூறு மடங்கு இருக்கிறது. சிக்கல் வேறு இடத்தில். மேலே போக வேண்டுமானால் எதையாவது கீழே தள்ள வேண்டும். பறவை காற்றைத் தள்ளுகிறது, ராக்கெட் தன் புகையைத் தள்ளுகிறது. கைபேசியிடம் தள்ளுவதற்கு என்ன இருக்கிறது? தன் வானொலி அலைதான். ஒளிக்கும் வானொலி அலைக்கும் உந்தம் உண்டு, அது உண்மை. பழைய இரண்டாம் தலைமுறைக் கைபேசி உச்சத்தில் 2 வாட் அலையை வெளியிடும். அத்தனையையும் நேர் கீழே பாய்ச்சினாலும் கிடைக்கும் உந்துவிசை, கைபேசியின் எடையில் 26 கோடியில் ஒரு பங்கு.

சரி, வெளியிலிருந்து இழுக்கலாமே, காந்தத்தால்? முதல் பாகத்தில் சிட்டியே காந்தமாகிக் கத்திகளை இழுத்திருக்கிறது. அந்த வழியில் போயிருந்தால் இரண்டாம் பாகம் முதல் பாகத்தின் விதிக்குள் நின்றிருக்கும். ஆனால் கைபேசியில் காந்தம் ஒட்டும் பொருள் மிகக் கொஞ்சம். ஸ்பீக்கரில் ஒரு துளிக் காந்தம், ஆங்காங்கே சிறு உருக்குத் துண்டுகள். உடம்பில் பெரும்பகுதி கண்ணாடி, அலுமினியம், பிளாஸ்டிக், லித்தியம் பற்றரி. அவற்றையே தூக்கும் அளவுக்குக் காந்தப்புலம் இருந்தால் அந்த ஊரில் வேறு எதுவும் தரையில் நிற்காது. நம் தோட்டத்தில் அது நடந்தால் முதலில் பறப்பது கவ்வாத்துக் கத்தி. அடுத்தது லயத்துத் தகரம். பால்வெட்டுக் கத்தியும் பின்னாலேயே போகும். கைபேசி கடைசியாகத்தான் கிளம்பும்.

படம் இரண்டையும் சொல்லவில்லை. ஆவியின் 'ஆரா' என்கிறது. பட்சிராஜனின் ஆராவும் மடிந்த பறவைகளின் ஆராவும் சேர்ந்து எதிர்மறை ஆற்றலாகின்றன, வசீகரன் நேர்மறையைப் பாய்ச்சி அதைச் சமன்செய்கிறார். மின்னூட்டத்துக்கு நேர், எதிர் உண்டு. அதற்கும் நல்ல மனம், கெட்ட மனம் என்பதற்கும் சம்பந்தமில்லை. எலக்ட்ரானுக்கு யார் மேலும் கோபமில்லை. ஆராவுக்குச் சான்றாக வழக்கமாகக் காட்டப்படுவது, சோவியத் நாட்டில் செம்யோன் கிர்லியன் 1939-இல் எடுக்கத் தொடங்கிய ஒளிவட்டப் படங்கள். உயர் மின்னழுத்தத் தகட்டின் மேல் விரலை வைத்தால் சுற்றியுள்ள காற்று மின்னிறக்கத்தில் ஒளிர்கிறது. விரலில் வியர்வை கூடினால் வட்டம் மாறும். காசை வைத்தாலும் வட்டம் வரும். காசுக்கும் ஆத்மா உண்டென்று வட்டிக்கடைக்காரர் வேண்டுமானால் நம்பலாம்.

இராட்சதப் பறவையில் இன்னும் பழைய விதி ஒன்று மீறப்படுகிறது. கலிலியோ 1638-இலேயே எழுதிவைத்தது அது. ஒரு சிட்டுக்குருவியை எடுங்கள், 25 கிராம், இறக்கை விரித்தால் 22 சென்றிமீற்றர். அதை எல்லாப் பக்கமும் நூறு மடங்கு பெருக்குவோம். இறக்கை விரிப்பு 22 மீற்றர் ஆகும். இறக்கையின் பரப்பு பத்தாயிரம் மடங்காகும். எடையோ பத்து இலட்சம் மடங்காகி 25 தொன்னுக்குப் போய்விடும். ஒவ்வொரு சதுர மீற்றர் இறக்கையும் முன்பைவிட நூறு மடங்கு சுமக்க வேண்டும். பறக்கத் தேவையான வேகம் இந்தச் சுமையின் வர்க்கமூலத்தோடு ஏறும். ஆக, மணிக்கு 35 கிலோமீற்றரில் சௌகரியமாகப் பறந்த குருவி இப்போது 350-இல் பறந்தால்தான் விழாமல் இருக்கும். நின்ற இடத்தில் இறக்கையடித்து மிரட்ட அதனால் முடியாது. ஓடுபாதைதான் வேண்டும். இத்தனைக்கும் நாம் சதையும் இறகும் உள்ள குருவியைத்தான் பெருக்கினோம். கைபேசிகளால் செய்தால் எடை இன்னும் ஏறும். வெறும் 25 தொன்னுக்கே ஏறக்குறைய 1,40,000 கைபேசிகள் வேண்டும். நிஜத்தில் இதுவரை வாழ்ந்த பறக்கும் பறவைகளில் மிகக் கனமானவற்றில் ஒன்று, தென் அமெரிக்காவின் அற்றுப்போன அர்ஜெண்டாவிஸ். அதுவே 70 கிலோ அளவில் நின்றுவிட்டது, அதுவும் பெரும்பாலும் மிதந்தே பறந்திருக்கும் என்கிறார்கள்.

சினிமாப் பொய் சப்ரகமுவவுக்குப் புதிதல்ல. கேகாலை மாவட்டத்துக் கித்துல்கலையில் களனி கங்கைக்குக் குறுக்கே மரப்பாலம் கட்டி, அதை நிஜ ரயிலோடு வெடிவைத்துத் தகர்த்துத்தான் 1957-இல் க்வாய் ஆற்றுப் பாலத்தைப் பற்றிய அந்தப் புகழ்பெற்ற ஆங்கிலப் படத்தை எடுத்தார்கள். இடம் பொய், தாய்லாந்துக் காட்டுக்குப் பதில் நம் காடு. ஆனால் ரயில் விழுந்த விதத்தில் ஒரு ஓட்டையும் கிடையாது, அதை இயக்கியது புவியீர்ப்பு. கணினி வரைகலை வந்த பிறகு அந்த இயக்குநரை யாரும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை.

இரண்டாம் பாகத்தை எப்படி எழுதலாம் என்பதற்கு உதாரணம் தேட நாம் தூரம் போக வேண்டியதில்லை, கிளார்க் வாழ்ந்த கொழும்பே போதும். கிளார்க்கின் '2001' நாவலும் படமும் 1968-இல் வந்தன. நாவலில் விண்கலம் சனிக்கோளுக்குப் போகிறது, படத்தில் வியாழனுக்கு. சனியின் வளையங்களைத் திரையில் நம்பும்படி காட்ட முடியவில்லை என்பதால் இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் வியாழனிலேயே நின்றுவிட்டார். 1982-இல் கிளார்க் அடுத்த நாவல் '2010'-ஐ எழுதியபோது தன் சொந்த நாவலைக் கைவிட்டுப் படத்தைப் பின்பற்றினார், அதை முன்குறிப்பில் எழுதியும் வைத்தார். நடுவில் 1979-இல் வொயேஜர் கலங்கள் வியாழனையும் அதன் நிலவுகளையும் படம்பிடித்து அனுப்பியிருந்தன, அந்தப் புதிய அறிவும் கதைக்குள் வந்தது. பிறகு அந்த நாவலைப் படமாக்கிய பீட்டர் ஹையம்ஸும் கிளார்க்கும் கொழும்புக்கும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் இடையே கணினி வழியாகக் கடிதம் அனுப்பிக்கொண்டே வேலை பார்த்தார்கள். மின்னஞ்சல் என்ற சொல்லே நம் பக்கம் வராத 1983-ஆம் ஆண்டு அது.

அந்தக் கதையிலும் மகா பொய் ஒன்று உண்டு, வியாழன் நட்சத்திரமாகிவிடுகிறது. ஐதரசன் தொடர்ந்து எரிய, வியாழனைவிட எழுபத்தைந்து மடங்குக்கு மேல் நிறை வேண்டும். கிளார்க்குக்கு இது தெரியும். அதனால் அன்னிய நாகரிகம் ஒன்றின் கருங்கற்பலகைகளைப் பெருகவிட்டு, வியாழனை உள்ளே நெருக்கி அடர்த்தியாக்குகிறார். அது எப்படி முடியும் என்று கேட்டால் பதில் இல்லை. ஆனால் விதி எங்கே உடைகிறது, அதை உடைக்க என்ன வேண்டும் என்று தெரிந்தவரின் பொய் அது. அந்தக் கற்பலகையும் முதல் பாகத்திலேயே வந்துவிட்டது.

பறக்கும் கைபேசியை யாரும் நம்பிவிடப் போவதில்லை. '2.0' படத்தின் உண்மையான சிக்கல், அது பாடமாகச் சொன்ன பகுதியில்தான் இருக்கிறது: கோபுரக் கதிர்வீச்சு பறவைகளைக் கொல்கிறது என்பது. படம் வெளியாகும் முன்பே இந்தியக் கைபேசி நிறுவனங்களின் சங்கம் தணிக்கைக் குழுவிடம் புகார் செய்தது, படம் விஞ்ஞானத்துக்கு எதிரான எண்ணத்தைப் பரப்புகிறது என்று. வியாபாரிகள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. கணக்கை நாமே போடலாம்.

தேயிலை மலையின் உச்சியில் நிற்கும் கோபுரத்தின் ஒரு அன்டெனா 20 வாட் ஊட்டத்தில், அலையை ஒரே திசைக்கு ஐம்பது மடங்கு குவித்து அனுப்புகிறது என்போம். அந்தக் கற்றைக்கு நேரே 100 மீற்றர் தள்ளி ஒரு சதுர மீற்றரில் விழுவது 0.008 வாட். நடுப்பகல் வெயில் அதே இடத்தில் 1,000 வாட் கொட்டுகிறது. இந்தியா 2012 செப்டம்பரில், உலக வழிகாட்டு வரம்பைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தது. நம் கணக்கு அந்தக் குறைத்த வரம்பிலும் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு. அளவை விடுங்கள், தன்மையைப் பாருங்கள். இந்த அலையின் ஒரு ஒளித்துகளுக்கு உள்ள ஆற்றல், உயிரணுவின் மூலக்கூற்றுப் பிணைப்பை உடைக்கத் தேவையானதில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்குப் பக்கம். நிரூபணமான விளைவு வெப்பம் ஒன்றே. அன்டெனாவின் முகத்துக்கு முன்னால் ஓரடி தள்ளி உட்காரும் காகத்தின் நிலைமை வேறு. அங்கே வரம்பு மீறலாம், கோபுரத்தில் வேலை செய்கிறவர்களுக்கே விலகல் தூரம் உண்டு.

சிட்டுக்குருவி குறைந்துவிட்டதே என்று கேட்பீர்கள். 2020-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, நாடளாவப் பார்த்தால் குருவிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய நிலையாக இருக்கிறது, பெருநகரங்களில் குறைந்திருக்கிறது என்றது. கோபுரக் கதிர்வீச்சுக்கு அது சான்று காணவில்லை. குஞ்சுக்கு ஊட்டப் பூச்சி குறைந்ததும் கூடு வைக்கப் பொந்து இல்லாமல் போனதும் காரணமாக இருக்கலாம் என்றது. நம் லயங்களிலேயே பழைய கூரை இடுக்குகளில் கூடு கட்டிய குருவிக்கு, சீலிங் அடித்த புதுவீட்டில் இடம் எங்கே? பட்சிராஜனின் தோற்றம் இந்தியப் பறவையியலாளர் சலீம் அலியை நினைவூட்டும். நிஜச் சலீம் அலி 1930-களின் தொடக்கத்தில் தூக்கணாங்குருவிகளின் குடும்ப வாழ்க்கையை விளக்கியது, மாதக்கணக்கில் கூடுகளின் எதிரே உட்கார்ந்து குறிப்பெடுத்து. படத்தின் பட்சிராஜன் கண்ணீர் விடுகிறார், மேடைகளில் மன்றாடுகிறார். கதிர்வீச்சு உள்ள இடத்தையும் இல்லாத இடத்தையும் ஒப்பிட்டு அவர் ஒரு கூட்டை எண்ணியதாக எனக்கு நினைவில்லை.

கோபுரங்கள் பறவைகளைக் கொல்லவே இல்லையா என்றால், கொல்கின்றன, வேறு வழியில். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆண்டுக்கு 68 இலட்சம் பறவைகள் தகவல் கோபுரங்களில் மோதிச் சாவதாக 2012-இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இரவில் வலசை போகும் பறவைகள், மூடுபனி, உயர்ந்த கோபுரத்தின் அணையாத சிவப்பு விளக்கு, அதைத் தாங்கிப் பிடிக்கும் இழுவைக் கம்பிகள். விளக்கில் மயங்கிச் சுற்றிச் சுற்றி வந்து கம்பியில் மோதுகின்றன. அணையாத விளக்கை மின்னி மின்னி அணையும் விளக்காக மாற்றியதும் சாவு பாதிக்கு மேல் குறைந்தது. படத்துக்கு வேண்டிய சோகம், வில்லன், தீர்வு மூன்றும் இதிலேயே இருக்கின்றன. மாரியில் இந்தியாவிலிருந்து இரவோடிரவாகப் பறந்து வரும் ஆறுமணிக்குருவியைக் கதாநாயகியாகவும் போட்டிருக்கலாம்.

மின்காந்த அலை பறவையைப் பாதிக்கவே செய்யாது என்று சொல்லவும் முடியாது. ஜெர்மனியில் ஓல்டன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட முடிவு இது. ஐரோப்பிய ராபின் பறவைகள் பூமியின் காந்தப்புலத்தை வைத்துத் திசை அறிகின்றன. பல்கலைக்கழக வளாகத்து மரக்குடிலில் வைத்தபோது அவற்றுக்குத் திசை தெரியவில்லை. குடிலை அலுமினியத் தகட்டால் மூடி, தகட்டை நிலத்தோடு கம்பியால் இணைத்ததும் திசை தெரிந்தது. கம்பியைக் கழற்றியதும் மறுபடி தடுமாறின. குழப்பிய இரைச்சல் 50 கிலோஹெர்ட்ஸிலிருந்து 5 மெகாஹெர்ட்ஸ் வரையிலானது. கைபேசி பேசுவது 800, 900 மெகாஹெர்ட்ஸிலும் அதற்கு மேலேயும். கீழே உள்ள அந்த வீச்சில் இருப்பது நாம் வீட்டில் செருகிவைத்திருக்கும் மின்சாதனங்களின் இரைச்சல், அதோடு மத்திய அலை வானொலி. இந்த ஆய்வை நம்பி யாராவது மூன்றாம் பாகம் எடுத்தால் சந்தேக வட்டத்துக்குள் முதலில் வந்து நிற்பது இலங்கை வானொலிதான். அந்தப் படம் எங்கள் தோட்டங்களில் ஒரு நாள்கூட ஓடாது.